மாரியில் உறங்கும் தாமரை

மார்கழி மாதம் வந்தால் எங்கள் வளவு பார்க்கச் சகிக்காது. முற்றத்தில் வரிசையாக ஆறு சீமெந்துத் தொட்டிகள் இருக்கின்றன. நான்கில் தாமரை, இரண்டில் அல்லி. ஆவணியில் அவற்றைப் பார்த்தவர்கள் மார்கழியில் வந்தால் இது வேறு யாருடையவோ வளவு என்றுதான் நினைப்பார்கள். குடை பிடித்தாற்போல நின்ற இலைகள் ஓரம் கருகி, மஞ்சளாகி, தண்டு சரிந்து தண்ணீரில் கிடக்கும். தப்பித் தவறி ஒரு மொட்டு வந்தால் அதுவும் அரைகுறையாகவே விரியும்.

"என்ன அக்கா, தாமரை எல்லாம் செத்துப்போச்சோ?" என்று படலையடியில் நின்று கேட்பார்கள்.

"இல்லைத் தங்கச்சி, நித்திரை" என்பேன்.

இந்த ஒரு சொல்லைப் படிக்க நான் மூன்று தொட்டித் தாமரையை இழந்தேன். என்னைப்போல வீட்டு வளவில் ஏதாவது வளர்த்து நாலு காசு பார்க்க நினைக்கும் சகோதரிகளுக்கு உதவட்டும் என்று அந்தக் கதையை இங்கே எழுதுகிறேன்.

2010 ஆம் ஆண்டு செட்டிக்குளம் முகாமிலிருந்து கிளிநொச்சி மாவட்டத்திலுள்ள எங்கள் கிராமத்துக்கு நானும் மாமியும் இரண்டு பெண்பிள்ளைகளும் திரும்பி வந்தோம். வீடு நின்ற இடத்தில் அத்திவாரம் மட்டுமே மிச்சம். தறப்பாள் கட்டிக்கொண்டு இருந்தோம். தோட்டத்தில் இன்னொரு கிணறு கட்டவென்று அவர் வாங்கி வைத்திருந்த ஆறு கிணற்று வளையங்களும் காணி மூலையில் கொடி மூடிக் கிடந்தன. ஒன்றுகூட உடைந்திருக்கவில்லை. அவர்தான் இல்லை. 2009 வைகாசியில், முள்ளிவாய்க்காலில், சனத்துக்குள் எங்களைத் தவறவிட்டவர். இன்றுவரை ஒரு தகவலும் இல்லை.

அவர் இருந்த காலத்தில் விடியற்காலையில் குளத்தில் இறங்கித் தாமரை பிடுங்கிப் பிள்ளையார் கோயிலுக்குக் கொடுப்பார். நாங்கள் திரும்பி வந்தபோது குளத்துப் பக்கம் மிதிவெடி அகற்றிக்கொண்டிருந்தார்கள். மண்டையோடு கீறிய சிவப்புப் பலகைகள் நின்றன. அடுத்த வருடம் பலகைகளை எடுத்த பிறகுதான் ஆனி மாதத்தில் மாமி குளத்தோரச் சேற்றில் காலால் துழாவி நாலு தாமரைக் கிழங்கும் கொஞ்ச அல்லிக் கிழங்கும் எடுத்துவந்தார். பக்கத்து வீட்டுத் தம்பி வளையங்களின் அடியைச் சீமெந்தால் அடைத்துத் தந்தான். மூன்றடி அகலம், இரண்டடி உயரம். அடியில் உக்கிய மாட்டெரு நாலு விரல் உயரத்துக்கு, அதன்மேல் குளத்துக் களிமண் ஒரு சாண், அதற்குமேல் தண்ணீர். கிழங்கைப் படுக்கையாக வைத்து, முளை நுனி முறியாமல் மண்ணுக்கு மேலே தெரியவிட்டோம்.

புரட்டாதியில் பூக்கத் தொடங்கியது. அந்த நவராத்திரிக்கு மூன்று கோயில்களுக்குப் பூக் கொடுத்தேன். போருக்குப் பின்னர் நான் நிவாரணமாக வாங்காமல் உழைத்து எடுத்த முதற் காசு அது. மூத்தவளுக்குச் சப்பாத்தும் கொப்பிகளும் வாங்கினேன். பூவைப் பார்த்த ஐயர் ஒருவர் மார்கழித் திருவெம்பாவைப் பூசை பத்து நாளும் தாமரை தருவாயா பிள்ளை என்று கேட்டு முற்பணமும் தந்தார். நான் ஓமென்று தலையாட்டிவிட்டேன். சின்னவளுக்கு வந்த காய்ச்சலில் அந்தக் காசும் முடிந்தது.

கார்த்திகையில் மழை பிடித்தது. இலைகள் ஒவ்வொன்றாக மஞ்சளாயின. மாமி அப்போது வவுனியாவில் தன் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். எனக்கோ கை கால் ஓடவில்லை. பூக்காவிட்டால் காசைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சத்துக் குறைந்துவிட்டது என்று நினைத்து, வயற்காரரிடம் வாங்கிய யூரியாவில் தொட்டிக்கு ஒரு பிடி போட்டேன். ஒரு கிழமையில் தண்ணீர் பச்சையாகிப் பாசி திரண்டது. இலைகள் இன்னும் கருகின.

அந்த நேரம் பார்த்துக் கனடாவிலிருக்கும் என் தங்கை தொலைபேசி எடுத்தாள். அவளுடைய வீட்டுக்காரி பின்வளவில் அல்லி வளர்க்கிறவவாம். குளிர் வரும்போது இலைகளை ஒட்ட வெட்டி, கிழங்கை எடுத்து ஈரமணலில் போட்டு வீட்டுக்குள் வைத்துவிடுவாவாம். "அக்கா, நீங்களும் அப்படிச் செய்யுங்கோ" என்றாள். செய்தேன். தண்ணீருக்குள் கையை விட்டு எல்லாத் தண்டையும் அடியோடு வெட்டினேன். பிறகு சேற்றைக் கிளறிக் கிழங்குகளைத் தூக்கிப் பார்த்தேன். இரண்டு என் கையிலேயே முறிந்தன. பயம் பிடித்துத் திரும்பவும் புதைத்துவிட்டேன். மூன்றாவது தொட்டியை முடித்து நான்காவதற்குப் போகும்போது மாமி படலையைத் திறந்துகொண்டு வந்தார்.

"ஐயோ பிள்ளை, என்ன வேலை பாக்கிறாய்! உதை வெட்டாத!"

"மாமி, இது செத்துப்போச்சுது."

"ஆர் சொன்னது? நித்திரை கொள்ளுற பிள்ளையை எழுப்பிச் சோறு தீத்தினால் புரைக்கேறும். நீ தீத்தினதும் காணாமல் மூக்கையும் பொத்திப்போட்டாய்."

மூக்கு என்றால் என்னவென்று எனக்கு விளங்கவில்லை. மாமி வெட்டிக் கிடந்த தண்டு ஒன்றை எடுத்துச் சின்னவளிடம் கொடுத்து, ஒரு நுனியை வாளித் தண்ணீருக்குள் வைத்து மற்ற நுனியில் ஊதச் சொன்னார். தண்ணீரில் குமிழ் குமிழாகக் காற்று வந்தது. தாமரைத் தண்டுக்குள் நீளத்துக்கு ஓட்டைகள் இருக்கின்றன. சேற்றுக்குள் கிடக்கும் கிழங்குக்கு அந்த வழியாகத்தான் இலையிலிருந்து காற்றுப் போகிறது. இலை காய்ந்தாலும் தண்டு தண்ணீருக்கு மேலே நிற்கும்வரை அந்த வழி திறந்திருக்கும். தண்ணீருக்குள் வெட்டினால் ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கும், கிழங்கு அழுகும்.

அப்படியேதான் நடந்தது. தைப்பொங்கலுக்குள் மூன்று தொட்டியும் நாறின. ஐயரின் முற்பணத்தைத் தை, மாசி இரண்டு மாதமும் வீடுகளுக்கு மா இடித்துக் கொடுத்துத்தான் அடைத்தேன். நான் கை வைக்காத நான்காவது தொட்டி மாசி முடிவில் முளைத்தது. இன்று நான்கு தொட்டியிலும் நிற்பவை அந்த ஒன்றின் பிள்ளைகள்.

என் தங்கை சொன்னது பிழையல்ல, அது அந்த நாட்டுக்குரியது. அங்கே தண்ணீர் உறைந்து கட்டியாகும். கிழங்கு வரைக்கும் உறைந்தால் செத்துவிடும். அதனால்தான் எடுத்து உள்ளே வைக்கிறார்கள். எங்கள் மாவட்டத்தில் தை மாத இரவிலும் வெப்பநிலை 20 பாகை செல்சியசை அண்டித்தான் நிற்கும். இங்கே கிழங்குக்குச் சேற்றைவிடப் பாதுகாப்பான இடம் கிடையாது. ஆனால் உறைபனி இல்லை என்பதற்காகக் குளிர்காலமே இல்லை என்று நினைப்பதும் தவறு. ஆனியில் எங்களுக்குப் பகல் பன்னிரண்டரை மணித்தியாலத்துக்கு மேல். மார்கழியில் பதினொன்றரை மணித்தியாலம்தான். அதிலும் பாதி மப்பும் மந்தாரமும். வாடைக்காற்று வேறு. வெயிலைத் தின்று வளரும் தாமரைக்கு இது பட்டினிக் காலம். அதனால் அது இலையிலிருக்கும் சத்தைக் கீழே இறக்கிக் கிழங்கில் சேமிக்கிறது. இலை மஞ்சளாவது நோயல்ல. வீட்டுச் சாமான்களை ஒதுக்கி வைத்துவிட்டுக் கதவைச் சாத்துவது போன்றது அது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மாரிக்கும் நான் செய்கிறவற்றைச் சொல்கிறேன்.

புரட்டாதி கடைசியோடு பசளை நிறுத்திவிடுவேன். மாசியில் புது இலை காணும்வரை எருவோ யூரியாவோ எதுவும் தொட்டிக்குள் போகாது. செடி உண்ணாத சத்தைப் பாசிதான் உண்ணும்.

ஐப்பசியில் தொட்டிகளுக்குத் தெற்கே நிற்கும் சீமைக்கிளுவைக் கொப்புகளை வெட்டுவேன். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும். ஆடியில் நிழல் விழாத மரம் மார்கழியில் தொட்டி முழுவதையும் மூடிவிடும். உள்ள கொஞ்ச வெயிலும் தவறக் கூடாது. வெட்டிய குழை ஆட்டுக்கு ஆகும்.

கார்த்திகை மழைக்கு முன் தொட்டி விளிம்புக்கு மூன்று விரல் கீழே உள்ள வழிவுத் துவாரத்தைப் பார்ப்பேன். இரண்டு அங்குலக் குழாய்த் துண்டு ஒன்றைப் பொருத்தி, அதன் வாயில் நுளம்பு வலைத் துணியைக் கட்டியிருக்கிறேன். இது இல்லாவிட்டால் பெருமழையில் தண்ணீர் நாலாபக்கமும் வழிந்து மண்ணையும் மீனையும் கொண்டுபோய்விடும். கோடையில் மண்ணுக்கு மேல் ஒரு சாண் தண்ணீர் போதும். மாரியில் ஒன்றரைச் சாண் நிற்கவிடலாம். தண்ணீர் கூடினால் சூடும் குளிரும் மெல்லத்தான் ஏறி இறங்கும்.

காய்ந்த இலையை முழுவதும் மண்ணிறமான பின்பே வெட்டுவேன். அதுவும் தண்ணீருக்கு மேல் ஒரு சாண் தண்டு நிற்கும்படியாக. பாதி மஞ்சளான இலையில் கை வைப்பதில்லை, அது இன்னும் கிழங்குக்கு ஊட்டிக்கொண்டிருக்கும். தண்ணீரில் விழுந்து அழுகும் இலைகளைக் கிழமைக்கு ஒரு தடவை அள்ளி எருக்குழியில் போடுவேன். இலையடியில் அழுக்கணவன் பிடித்தால் மருந்து தேடுவதில்லை, மீன் செத்துவிடும். ஒரு சிரட்டை தண்ணீரை ஓங்கி எற்றினால் உதிர்ந்துவிடும், மீன் தின்னும்.

தாய்மார் கட்டாயம் கவனிக்க வேண்டியது நுளம்பு. எங்கள் பக்கத்தில் மாரியோடுதான் டெங்கும் வரும். 2017 ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 186,000 க்கும் மேற்பட்டோருக்கு டெங்கு என்று பதிவானது. நுளம்பு பெருக இடம் வைத்திருப்பது 2007 ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றமும்கூட. தொட்டிக்கு எட்டுப் பத்துக் கப்பி மீன் விட்டால் நுளம்புப் புழு ஒன்றும் மிஞ்சாது. அந்த மீனைக் குளத்திலோ வாய்க்காலிலோ விடாதீர்கள், எங்கள் உள்ளூர் மீன்களுக்கு அது கேடு. பெருமழைக்குப் பிறகு மீன் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். மிதப்பது அழகாக இருக்கிறதென்று ஆகாயத்தாமரையைக் கொண்டுவந்து போடவும் வேண்டாம். அந்தப் பூண்டைத் தடுக்க 1909 ஆம் ஆண்டிலேயே இந்த நாட்டில் சட்டம் போட்டார்கள். இன்னும் எங்கள் நீர்நிலைகள் அதனிடமிருந்து தப்பவில்லை.

அல்லியின் குணம் வேறு. தேசிய மலர் என்று பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படிக்கும் நீலோற்பலம்தான் என்னிடம் இருக்கிறது. குளம் வற்றும் காலத்தில் அதன் சிறு கிழங்கு வெடித்த சேற்றுக்குள் உறங்கும், மழை வந்ததும் எழும்பும். அதாவது அதற்குக் கோடைதான் குளிர்காலம். அதனால் மாரியிலும் சிறிதாகவேனும் பூத்துக்கொண்டிருக்கும். மப்பு நாளில் பிந்தி விரியும், அவ்வளவுதான். இது விளங்கிய பிறகு மார்கழிக்குத் தாமரை தருவதாக நான் ஒருவருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. "ஐயா, திருவெம்பாவைக்கு நீலோற்பலம் தாறன், தாமரைக்கு மாசி மகம் கழிய வாங்கோ" என்று சொல்லிவிடுவேன். ஐயரும் இப்போது பழகிவிட்டார்.

எல்லாம் சரியாகச் செய்தாலும் வானம் எங்கள் கையில் இல்லை. 2018 மார்கழியில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வெள்ளம் வந்தபோது முற்றத்தில் இடுப்பளவு தண்ணீர். பாடசாலையில் போய் நாலு நாள் இருந்தோம். திரும்பி வந்து பார்த்தால் அல்லி முழுவதும் அடித்துக்கொண்டு போய்விட்டது, மீனும் இல்லை. தாமரைத் தொட்டிகளில் வண்டல் நிறைந்து கிடந்தது. மேல் வண்டலை மட்டும் கையால் வழித்து எடுத்தேன், மண்வெட்டி போடவில்லை. நாலில் மூன்று தப்பியது.

2022 மார்கழியில் மாண்டஸ் புயலோடு வந்த குளிரை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். வடக்கு, கிழக்கு மாகாணங்களில் நூற்றுக்கணக்கான மாடுகள் ஒரே குளிரில் விறைத்துச் செத்தன. பக்கத்து வளவுத் தங்கச்சிக்கு இரண்டு கறவைப் பசுக்கள். கணவனில்லாமல் அந்தப் பாலில் மூன்று பிள்ளைகளை வளர்த்தவள். விடிய இரண்டும் கொட்டிலடியில் விழுந்து கிடந்தன. நானும் சாக்குகளைக் கொண்டு ஓடினேன், பிந்திவிட்டது. அன்று என் தாமரை இலைகள் எல்லாம் காற்றில் கிழிந்து கந்தலாகிக் கிடந்தன. ஆனால் தொட்டிக்குள் கையை வைத்தபோது தண்ணீர் வெளிக்காற்றைவிட வெதுவெதுப்பாக இருந்தது. பெரிய தொட்டித் தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் சூட்டை விடாது. கிழங்குகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

தைமாதக் கடைசியில் ஒரு தடவை மட்டும் கிழங்கைப் பார்ப்பேன். மாமி காட்டித்தந்த முறை அது. தோண்டக் கூடாது. கையைச் சேற்றுக்குள் மெல்ல விட்டு விரலால் தடவிப் பார்க்க வேண்டும். செத்த கிழங்கு மெத்தென்று அமுங்கும், விரலில் நாற்றம் ஒட்டும். உயிருள்ள கிழங்கு கல்லுப்போல இறுகியிருக்கும். அதோடு கையை எடுத்துவிட வேண்டும்.

மாமி 2019 இல் காலமானார். கடைசி வருடங்களில் கண் மங்கிவிட்டது. ஆனாலும் தை மாதம் வந்தால் தொட்டியடிக்குக் கூட்டிப் போகச் சொல்லுவார். தடவிப் பார்த்து, "இருக்குது பிள்ளை" என்பார். தன் மகனுக்குத் திதி கொடுக்கச் சொல்லி உறவுக்காரர் எத்தனையோ தடவை கேட்டார்கள். மாமி கொடுக்கவில்லை. என்னையும் பொட்டை அழிக்கச் சொல்லவில்லை. ஒருநாள் தொட்டியடியில் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "இதுக்கெண்டால் கையை விட்டுப் பாத்துச் சொல்லலாம்" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இதை வாசிக்கும் உங்களில் எத்தனையோ பேருக்கு அந்தச் சொல் விளங்கும். காத்திருப்பதா, கிரியை செய்வதா என்று அடுத்தவர் எங்களுக்குச் சொல்ல ஏலாது. எனக்கும் அதற்குப் பதில் தெரியாது. தொட்டித் தாமரையின் விஷயம் மட்டும்தான் எனக்குத் தெரியும்.

மாசி பிறந்து பகல் நீண்டு வெயில் ஏறினால், தண்ணீரின்மேல் காசு அளவில் ஒரு சிற்றிலை மிதக்கும். இரண்டு மூன்று இலை மிதந்த பிறகுதான் தண்ணீருக்கு மேலே எழும்பும் பெரிய இலைகள் வரும். முதற் சிற்றிலை தெரியும் நேரமே தொட்டி மாற்றுவதற்கும் கிழங்கு பிரிப்பதற்கும் ஏற்றது. இரண்டு கணுவும் முறியாத முளை நுனியும் உள்ள துண்டாகப் பிரிக்க வேண்டும். பெரிய இலை எழும்பிய பின்னரே பசளை. உக்கிய எருவைக் களிமண்ணில் பிசைந்து உருண்டையாக்கி, கிழங்கில் முட்டாமல் தொட்டி ஓரமாகச் சேற்றுக்குள் அமுக்கிவிடுவேன்.

2023 மாசியில் அப்படிப் பிரித்தபோது பசு இழந்த தங்கச்சிக்கு மூன்று கிழங்கு கொடுத்தேன். அவளிடம் வளையம் இல்லை. மாடுகள் தண்ணீர் குடித்த சீமெந்துத் தொட்டி வெறுமையாய்க் கிடந்தது. அதில் வைத்தாள். அந்த வருட நவராத்திரிக்கு எங்கள் இரண்டு வளவுப் பூவும் ஒரே கடகத்தில் கோயிலுக்குப் போனது. மார்கழியில் இலை மஞ்சளானதும் ஓடிவந்தாள்.

"அக்கா, என்ரை எல்லாம் செத்துப்போச்சுது!"

"கத்தியைக் கீழ வை, தங்கச்சி. தைக் கடைசியில வாறன், ரெண்டு பேருமாக் கையை விட்டுப் பாப்பம்" என்றேன்.